தண்ணீருக்குள் போன ஒரே கேமரா

என் மாமியார் வைத்த குங்குமம் எங்கள் கேமராவைக் கெடுக்கப் பார்த்ததா, காப்பாற்றிக் கொடுத்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமியாரைக் கேட்டால் ஒன்று சொல்வார். நாத்தனாரைக் கேட்டால் வேறொன்று சொல்வாள். நான் சோறு கொதிக்கும்போது ஒரு முடிவுக்கு வருவேன், வடிப்பதற்குள் அதை மாற்றிக்கொள்வேன்.

கேமரா என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை அவள். காரைக்குடியில் இதே வீட்டில் எங்களோடு இருக்கிறாள். மாடி அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்பவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளிடம் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு கேமரா. அது நின்றால் அவள் வேலை நின்றது. தை மாதத்துக்கு வரிசையாக முகூர்த்தங்களை ஒப்புக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தக் கல்யாணப் பெண் வந்து, தண்ணீருக்கு அடியில் படம் எடுக்க முடியுமா என்று கேட்டாள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கி, பின்கட்டில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய படங்களை அங்கே, குளத்துக்குள் எடுக்க வேண்டுமாம்.

நான் காபி கொண்டுபோனபோது பெண் கிளம்பிவிட்டாள். நாத்தனார் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முடியும்னு சொல்லிட்டேன் மதினி.”

“எப்படி முடியும்?”

“அதத்தான் இனிமே பாக்கணும். நீங்க படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான் எதையும் ஒம்பது தடவை பாக்குற ஆளாச்சே.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் யாராவது ஒரு வேலையை ஒப்படைத்தால் என்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். மகள் பிறந்தபிறகு வேலைக்குப் போகவில்லை. யு.கே.ஜி. படிக்கும் அவளுக்குத் தண்ணீர்ப் பாட்டில் வாங்கவே கடையில் மூடியைத் திருகித் திருகிக் கவிழ்த்துப் பார்த்து, கடைக்காரரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு கேமராவைத் தண்ணீரில் இறக்க வழி கேட்டால் என்ன ஆகும்? மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், அவள் திரும்பி வரும்வரை படித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, வழிகள் பல உண்டு என்பது. தானாகவே தண்ணீர் தாங்கும் சின்ன ஆக்‌ஷன் கேமராக்கள் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும், பயமில்லை. ஆனால் வெளிச்சம் குறைந்தால் படம் சொரசொரப்பாகிவிடும். ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுத்துக்கொண்டு போகும். கல்யாணப் பெண்ணின் முகத்தை அப்படி எடுத்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். இரண்டாவது, இருக்கிற கேமராவைப் போட்டுக் கட்டும் கனமான பிளாஸ்டிக் பை. முன்னால் ஒரு கண்ணாடி, மேலே சுருட்டி இறுக்கும் பட்டி. குளத்து ஆழத்துக்குப் போதும் என்றுதான் பலர் எழுதியிருந்தார்கள். பையின் மேலிருந்தபடியே பொத்தான்களைத் தடவித் தடவி அமுக்க வேண்டும். மூன்றாவது, கேமராவுக்கென்றே அளவெடுத்துச் செய்த கடினமான பெட்டி. ஹவுசிங் என்று சொல்கிறார்கள். அதிலும் அலுமினியம் உண்டு, கெட்டியான பிளாஸ்டிக் உண்டு. அலுமினியத்தின் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். கேமராவைவிடச் சட்டை பல மடங்கு விலை.

ஒரு நாள் பைதான் சரி என்று தோன்றும். மறுநாள் பையில் தண்ணீர் புகுந்த கதை ஒன்றைப் படிப்பேன். நனைந்த கேமராக்களின் படங்களையும் போட்டிருப்பார்கள். ஈரம் கோத்த லென்சின் படத்தைப் பார்க்கும்போது காய்ச்சல்காரப் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பது போல் இருக்கும்.

கணவர் சாப்பிட வரும்போது இந்தப் பேச்சுதான் ஓடும். எங்களுடையது ஆசாரி வீடு. மாமனார் கதவு, நிலை செய்தார். என் கணவர் மாடுலர் கிச்சன் செய்கிறார். அவர் சொன்னார், “எதுக்கு இத்தனை ஆராய்ச்சி? ஒரு டிபன் பாக்சுல வச்சு நாலு பக்கமும் சிலிகான் அடிச்சுத் தர்றேன். சொட்டுத் தண்ணி போகாது.”

“கேமராவும் வெளிய வராதுண்ணே,” என்றாள் நாத்தனார்.

“வந்தா என்ன, வராட்டி என்ன? உள்ள பத்திரமா இருக்கும்ல?”

மாமியார் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, “மொதல்ல நம்ம கிச்சன் சிங்க்குல ஒழுகுறத அடை. அப்புறம் தங்கச்சிக்கு அடைக்கலாம்,” என்றார்.

கடைசியில் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றுதான், நிபுணர்கள் சிரிக்கலாம். பெட்டியின் பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியும். பார்க்க முடியாத இடத்தில் எதையும் விட எனக்குத் தைரியம் கிடையாது. நாத்தனாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “தப்பாயிருந்தா என்னத் திட்டக்கூடாது” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“திட்டுவேன். ஆனா வாங்குவோம்,” என்றாள்.

பெட்டி வந்த அன்று நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படியொரு வேலைப்பாடு. கேமராவில் எங்கெங்கே பொத்தான் இருக்கிறதோ, அங்கெல்லாம் பெட்டியில் ஒரு சின்னக் கம்பி. கம்பியைச் சுற்றி ஸ்பிரிங். வெளியே அமுக்கினால் உள்ளே சரியாக அந்தப் பொத்தானின் தலையில் போய்த் தொடுகிறது. திருகும் சக்கரத்துக்கு ஒரு பல்சக்கரம். கேமராவை வைத்தால் கொஞ்சமும் ஆடாமல் உட்கார்ந்துகொண்டது. வேறொரு தேசத்தில் யாரோ ஒருவர் இதே கேமராவை மேசையில் வைத்து, தண்ணீருக்குள் விரல் எப்படிப் போகும் என்று யோசித்து யோசித்துச் செய்திருப்பார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கணவரும் எடுத்துப் பார்த்தார். கீலைத் திறந்து திறந்து மூடி, “வேலக்காரன்யா,” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

இத்தனை வேலைப்பாட்டையும் காப்பது ஒரு ரப்பர் வளையம். கதவின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். குக்கர் மூடியில் இருக்கும் கேஸ்கட்டின் ஒல்லியான தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தலைமுடி கிடந்தாலும் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஆகையால் முதல் தடவை கேமராவை வைக்காமல், வெறும் பெட்டியில் டிஷ்யூ காகிதத்தைப் போட்டு முக்கிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அதைச் செய்வதென்று மாமியார் சொன்னார். புதுச் சாமானைச் சந்தனம் குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். மரம் அறுக்கும் மிஷின் வந்தாலும், துளை போடும் டிரில் வந்தாலும், நாத்தனாரின் கேமரா வந்தபோதும் அப்படித்தான். அதிலும் ஆசாரி வீட்டில் பொட்டை எங்கே வேண்டுமானாலும் வைத்துவிட மாட்டார்கள். ஆயுதத்தின் வாயில் வைக்க வேண்டும். உளிக்கு முனையில், ரம்பத்துக்குப் பல்லில், எது வேலை செய்கிறதோ அங்கே.

மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்கு வாயி எங்குட்டு இருக்கு?”

நாத்தனார் கீலைத் திறந்து காட்டினாள். “இதான்மா. இங்குட்டுத் தொறந்து இங்குட்டு மூடும்.”

“அப்ப இதான் வாயி,” என்று திறந்த விளிம்பின் நடுவில் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். நானும்தான். வளையத்தைப் பற்றி வாரக்கணக்கில் படித்திருந்த எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சாமி காரியம் நடக்கும்போது என் மூளை வேறொரு அறைக்குப் போய்விடும். பிறகு நாத்தனார் துணியால் துடைத்துவிட்டு, காகிதத்தைப் போட்டு மூடினாள்.

பண்டிகைக்குப் பால் காய்ச்சும் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பியிருந்தோம். வெறும் பெட்டி மிதந்தது. கணவர் ஒரு எடைக்கல்லைக் கொண்டுவந்து மேலே வைத்தார். எல்லோரும் சுற்றி நின்று அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தோம். பெட்டிக்குள் வெள்ளைக் காகிதம் தெரிந்தது. மகள் தன் பொம்மையையும் தூக்கிப் பிடித்து அதற்கும் காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகள்தான், “அம்மா, பேப்பர் ரோஸ் கலர் ஆயிருச்சு,” என்றாள்.

காகிதத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாயிற்று. நான் தேர்ந்தெடுத்த பெட்டி. பின்பக்கம் தெளிவாக இருக்கிறது என்ற அசட்டுக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த பெட்டி. உள்ளே கேமரா மட்டும் இருந்திருந்தால் தை மாதத்துக் கல்யாணங்கள் எல்லாம் அந்த அண்டாவோடு போயிருக்கும். “திருப்பி அனுப்பிருவோம். பையவே வாங்கியிருக்கலாம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்,” என்று புலம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நாத்தனார் பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்தாள். திட்டவில்லை. “மதினி, அழுவாதீக. பேப்பர் ஏன் செவப்பாச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம்.

வளையத்தை மெதுவாகக் கழற்றினேன். சாம்பார் ஒழுகும் டிபன் பாக்சில் மூடியின் வளையத்தை எத்தனையோ காலையில் கழற்றியிருக்கிறேன், விரலுக்குப் பழக்கம். பள்ளத்தில், துணி போகாத இடத்தில், குங்குமத் தூள் கோடாகப் படிந்திருந்தது. ஆழத்துக்குப் போனால் தண்ணீரே கதவை அழுத்திப் பிடிக்குமாம். அண்டா மாதிரி ஆழமில்லாத இடத்தில்தான் இந்தச் சின்னத் தூளுக்கே ஒழுகும் என்று படித்தது அப்போது ஞாபகம் வந்தது. குளமும் ஆழமில்லாத இடம்தான்.

“கெடுத்தாச்சா நான்?” என்றார் மாமியார். குரலில் வருத்தமும் இருந்தது, சண்டைக்குத் தயாராகும் தோரணையும் இருந்தது.

“நம்மம்மா பேப்பருக்கும் பொட்டு வச்சுவிட்டுட்டா,” என்று கணவர் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

“சிரிக்காதடா. பொட்டு இல்லாட்டி என்னாயிருக்கும்? வேற தூசி துரும்பு இருந்து, பச்சத் தண்ணி உள்ள போயிருந்தா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமா? செவப்பா இருந்ததுனாலதான் சின்னக்குட்டி கண்டுபிடிச்சா. குங்குமம் காட்டிக் குடுத்துச்சு. அதச் சொல்லுங்க.”

“குங்குமம் இருந்ததுனாலதாம்மா தண்ணியே உள்ள போச்சு,” என்றாள் நாத்தனார்.

“அத நீ பாத்தியாக்கும்?”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வளையத்தைக் கழுவப் போய்விட்டேன்.

கழுவி, காயவைத்து, சிலிகான் கிரீசைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தடவி, மகளின் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து மூடினேன். மறுபடி அண்டா. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம். வெள்ளைதான். அதன்பிறகு நாத்தனார் ஒரு சட்டம் போட்டாள். “இனி பெட்டிய மதினிதான் மூடணும். அவுக மூடினாத்தான் நான் எறங்குவேன்.” மாமியாரும் ஒரு சட்டம் போட்டார். பொட்டு இனிமேல் கேமரா கொண்டுபோகும் பையின் பட்டியில்.

குளத்துக்குப் போன காலையில் நான் மகளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்று பள்ளி விடுமுறை. கல்யாணப் பெண்ணின் வீட்டிலிருந்து ஒரு ஆச்சி துணைக்கு வந்திருந்தார். பட்டுப்புடவையோடு தண்ணீரில் இறங்குவதுதான் பெண்ணின் ஆசை. ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “பட்ட முக்குனா ஒன்னையும் சேத்து முக்கிருவேன்.” ஆகவே அதே அரக்கு நிறத்தில் ஒரு சாதாரணச் சேலை.

நான் முடியை இறுக்கிக் கட்டி, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு பெட்டியை மூடினேன். ஒரு தடவை மூடித் திறந்து பார்த்து, மறுபடி மூடினேன். நாத்தனார் பொறுமையாக நின்றாள். ‘போதும்’ என்று அவள் சொல்லவே இல்லை. அது எனக்குப் பெரிய விஷயம். வீட்டில் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை அது.

பெட்டியைத் தண்ணீருக்குள் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டியிருந்த எடைப்பட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அதுவரை அவளைக் கல்யாண மண்டபங்களில்தான் வேலை செய்யப் பார்த்திருக்கிறேன். அங்கே அவள் கூட்டத்துக்குள் குனிந்து, இடித்து, ‘கொஞ்சம் தள்ளிக்கங்க’ என்று கத்தித்தான் படம் எடுப்பாள். தண்ணீருக்குள் கத்த முடியாது. கரையிலேயே பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கைச்சாடைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு விரல் தூக்கினால் கண்ணைத் திற. கையை விரித்தால் மெதுவாக மூச்சை விடு. கட்டைவிரல் என்றால் மேலே போ. பயந்துகொண்டிருந்த மாப்பிள்ளை முதல் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டே முங்கினார். அந்தப் படத்தையும் எடுத்தாள்.

தண்ணீருக்குள் நிறங்களில் முதலில் மங்குவது சிவப்புதான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தள்ளி நின்று எடுத்தால் அரக்குச் சேலை பழுப்பாகத்தான் தெரியும். அவள் ஒரு முழம் தூரத்துக்கு நெருங்கிப் போனாள். குளத்தின் தரையோடு தரையாகப் படுத்து, வெயில் விழும் பக்கமாகக் கேமராவைத் தூக்கிப் பிடித்து, அசையாமல் இருந்தாள். சேலை விரிந்து அவள் மேலேயே மிதந்தது. அவள் தள்ளிவிடவில்லை. அந்தத் துணி தானாக விலகும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். மூச்சுக்கு வரவே இல்லையே என்று நான் கரையில் எழுந்து நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் என் மகளும் அத்தையோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகில் தட்டி மூச்சுவிட வைத்தேன். அதற்குள் நாத்தனார் மேலே வந்து, “மதினி, உள்ள வெள்ளையா இருக்கு!” என்று கத்தினாள். கேமராவுக்குப் பக்கத்தில் நான் மடித்து வைத்திருந்த காகிதத் துண்டைச் சொன்னாள்.

மாலையில் படங்களைப் பார்த்தோம். ஒரு படத்தில் பெண் கண்ணைத் திறந்திருந்தாள். சேலை முகத்தின் ஒரு பக்கத்தைத் தொட்டபடி விலகிக்கொண்டிருந்தது. நிறம் அரக்காகவே இருந்தது. பெண் வீட்டுக்கு அனுப்பியதும், கூடவந்த ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, “இது தண்ணிக்குள்ளயா? பொய் சொல்லாதீக,” என்றாராம். நான் அந்தப் படத்தை இன்னமும் அலைபேசியில் வைத்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாலே கம்பியைப் பிடித்துக்கொள்வேன். நம் வீட்டில், பக்கத்து அறையில் தூங்கி எழுந்து, தோசை கருகிவிட்டது என்று சண்டை போடும் ஒருத்தி இதை எடுத்தாள் என்பதை நினைத்தால் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

தை மாதம் நல்லபடியாகப் போயிற்று. கேமரா எல்லாக் கல்யாணங்களுக்கும் போய் வந்தது. இப்போது அவளுக்குக் கடலுக்குப் போக வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் முங்கிப் பழகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழு, இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, வந்து எங்களுக்கும் எடுத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறது. கடல் புல்லும் மீன் கூட்டமும் எடுக்கலாமாம். ஒரு நாள் முழுக்கப் படகில் இருக்க வேண்டும். நான் போக முடியாது. மகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், படகில் ஏறினால் எனக்குக் குமட்டும். அவளோ, “நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்” என்று உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த முகூர்த்தங்களுக்கும் இருப்பது அதே ஒரே கேமராதான்.

கடலில் கேமரா இறக்கிப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். குளத்தில் தாங்கிய பிளாஸ்டிக் பெட்டி உப்புத் தண்ணீரையும் அலையையும் தாங்குமா? காற்றில் மணலும் உப்பும் பறக்கும் படகில், பேட்டரி மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்து மூடலாமா, அல்லது கரையில் மூடியதைக் கரைக்கு வந்துதான் திறக்க வேண்டுமா? கழுவுவதற்கு எவ்வளவு நல்ல தண்ணீர் எடுத்துப்போக வேண்டும்? இந்தக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, பழைய ஆக்‌ஷன் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்து அனுப்புவதுதான் புத்தியா? அப்படிச் செய்தால் அவள் எடுக்க நினைப்பதை எடுக்க முடியாமல் போகுமா? அடுத்த வாரத்துக்குள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதை எழுதுங்கள்.